சி நீட்சியில் ஆப்ஜெக்ட் யாருக்குச் சொந்தம்? – வாசகர் கேள்வி பதில்

பைத்தான் மொழிக்குச் சி மொழியில் நீட்சி (பைத்தானிலிருந்து அழைக்கக்கூடிய சி நிரல்) எழுதும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரெஃபரன்ஸ் (ஓர் ஆப்ஜெக்ட்டின் மீதுள்ள பிடி) எண்ணிக்கையையும், ஆப்ஜெக்ட்டை விடுவிக்கும் பொறுப்பையும் பற்றியவை. எனவே இந்த இதழில் அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீட்சி எழுதுவோர் அன்றாடம் பயன்படுத்தும், சி மொழியில் எழுதப்பட்ட பைத்தான் இன்டர்பிரட்டரான சீபைத்தானை வைத்தே பதில்கள் அமைந்துள்ளன.

கேள்வி: ஒரு பெரிய உரைக் கோப்பில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ஃபங்ஷனை, வேகத்துக்காகச் சி மொழியில் எழுதினேன். டிக்ஷனரியில் இருக்கும் பழைய எண்ணை எடுத்து, ஒன்றைக் கூட்டி, பைலாங்_ஃப்ரம்லாங் மூலம் புதிய எண்ணை உருவாக்கி, பைடிக்ட்_செட்ஐட்டம் மூலம் அதே இடத்தில் வைக்கிறேன். சிறிய கோப்புகளில் எந்தக் குறையும் தெரியவில்லை. சர்வரில் ஓடத் தொடங்கிய பிறகு நினைவகப் பயன்பாடு ஏறிக்கொண்டே போகிறது. கசிவு எங்கே இருக்கிறது?
— மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: நீங்கள் விவரித்த கடைசிப் படிக்குப் பிறகு வந்திருக்க வேண்டிய ஒரு வரி வராமல் போனதே காரணம்.

சீபைத்தானில் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் தொடக்கத்திலும் இரண்டு செய்திகள் இருக்கும். அந்த ஆப்ஜெக்ட்டை எத்தனை இடங்கள் பிடித்துவைத்திருக்கின்றன என்ற எண்ணிக்கை ஒன்று. அது எந்த டைப்பைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் பாயிண்டர் மற்றொன்று. பை_இன்க்ரெஃப் எண்ணிக்கையைக் கூட்டும், பை_டெக்ரெஃப் குறைக்கும், குறைத்த பிறகு அது 0 ஆகிவிட்டால் ஆப்ஜெக்ட் அப்போதே அழிக்கப்படும். 1960இல் ஜார்ஜ் காலின்ஸ் பட்டியல் அமைப்புகளுக்காக முன்வைத்த முறைதான் இது. முறை எளிது. ஆனால் சி மொழியில் கூட்டுவதும் குறைப்பதும் எழுதுபவரின் கையில் விடப்பட்டிருப்பதால், 'எண்ணிக்கை இப்போது எவ்வளவு' என்று கேட்பதைவிட 'இந்த ரெஃபரன்ஸை விடுவிக்கும் கடமை யாருடையது' என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுப் பழக வேண்டும்.

அந்தக் கேள்வியோடு உங்கள் நிரலைப் படித்துப் பாருங்கள். பைலாங்_ஃப்ரம்லாங் தருவது சொந்த ரெஃபரன்ஸ். அதை விடுவிக்கும் கடமை உங்களுடையது. பைடிக்ட்_செட்ஐட்டம் அந்தக் கடமையை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்வதில்லை. டிக்ஷனரிக்கென்று தனியாக ஒரு ரெஃபரன்ஸைக் கூட்டிக்கொள்கிறது. இப்போது எண்ணிக்கை 2. அதே சொல் மீண்டும் வரும்போது டிக்ஷனரி பழைய எண்ணைக் கைவிடும். எண்ணிக்கை 1 ஆகும். எஞ்சிய அந்த ஒன்று உங்களுடையது, அதைக் குறைக்க இனி யாருமில்லை.

சிறிய கோப்புகளில் இது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. -5 முதல் 256 வரையுள்ள முழு எண்களைச் சீபைத்தான் தொடக்கத்திலேயே உருவாக்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அதே ஆப்ஜெக்ட்டைத் திருப்பித் தருகிறது. உங்கள் சோதனைக் கோப்பில் எந்தச் சொல்லும் 256 முறைக்கு மேல் வந்திருக்காவிட்டால், புதிதாக நினைவகம் எதுவும் ஒதுக்கப்பட்டே இருக்காது, கசிவதற்கும் ஒன்றுமில்லை. சர்வரில் எண்ணிக்கை 257ஐத் தொட்டதும் ஒவ்வொரு கூட்டலும் ஒரு புதிய ஆப்ஜெக்ட் ஆகிறது. 64 பிட் கணினியில் அப்படிப்பட்ட முழு எண் 28 பைட். ஒதுக்கப்படும் கட்டம் 32 பைட். ஒரு கோடி முறை நடந்தால் 32 கோடி பைட், அதாவது 300 மெகாபைட்டுக்கு மேல்.

திருத்தம் இதுதான்: பைடிக்ட்_செட்ஐட்டம் தரும் விடையை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வரியில், அது வெற்றியா தோல்வியா என்று பார்ப்பதற்கு முன்பே, புதிய எண்ணின் மீது பை_டெக்ரெஃப் எழுதுங்கள், அதன் பிறகு அந்த விடையைச் சோதியுங்கள். இந்த வரிசையில் எழுதினால் எந்தப் பாதையில் வெளியேறினாலும் கடமை தீர்ந்திருக்கும்.

ஒரு தவறான திருத்தத்தைப் பற்றியும் எச்சரிக்க விரும்புகிறேன். டிக்ஷனரியிலிருந்து எடுத்த பழைய எண்ணின் மீது பை_டெக்ரெஃப் போட்டால் நினைவகப் பயன்பாடு ஏறுவது நின்றுவிடும். பலர் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் பைடிக்ட்_கெட்ஐட்டம் தருவது இரவல் ரெஃபரன்ஸ். அதைக் குறைக்க உங்களுக்கு உரிமையில்லை. சென்ற சுற்றில் நீங்கள் விட்ட கசிவை இந்தச் சுற்றில் உரிமையில்லாமல் செய்யும் குறைப்பு தற்செயலாக ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே எண்கள் நிரம்பிய டிக்ஷனரியை யாராவது உங்கள் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அந்த எண்கள் இன்னும் பயன்பாட்டில் இருக்கும்போதே அழிந்து, புரோகிராம் விழும். கணக்கு நேராவது வேறு, பொறுப்பு நேராவது வேறு.

பைடப்புள்_செட்ஐட்டம், பைலிஸ்ட்_செட்ஐட்டம் ஆகிய இரண்டும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவை உங்கள் ரெஃபரன்ஸையே எடுத்துக்கொள்ளும். தோல்வியடைந்தாலும் எடுத்துக்கொண்டு தாமே விடுவித்துவிடும். புதிதாக உருவாக்கிய டப்புளிலோ லிஸ்ட்டிலோ புதிதாக உருவாக்கிய ஆப்ஜெக்ட்களை ஒரே வரியில் நிரப்புவதற்கு வசதியாக அப்படி அமைத்திருக்கிறார்கள். பைலிஸ்ட்_அப்பெண்ட் அப்படி எடுத்துக்கொள்ளாது. டிக்ஷனரியைப் போலவே தனக்கென்று ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். பெயரை வைத்து இதை ஊகிக்க வழியே இல்லை. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஆவணத்தில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் படித்தே தீர வேண்டும்.

கேள்வி: பைத்தானிலிருந்து என் ஃபங்ஷனுக்கு வரும் ஆர்க்யுமென்ட்களை வேலை முடிந்ததும் பை_டெக்ரெஃப் செய்ய வேண்டுமா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம், செய்யவும் கூடாது. உங்கள் ஃபங்ஷன் முடியும்வரை ஆர்க்யுமென்ட்களை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு அழைத்தவருடையது. ஆர்க்யுமென்ட்களைப் பிரித்தெடுக்கும் பைஆர்க்_பார்ஸ்டப்புள் 'ஓ' என்ற குறியீட்டுக்குத் தரும் பாயிண்டரும் இரவல்தான்.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை. ஆர்க்யுமென்ட்டாக வந்த ஆப்ஜெக்ட்டை ஒரு ஸ்ட்ரக்டிலோ ஸ்டாட்டிக் மாறியிலோ ஃபங்ஷன் முடிந்த பிறகும் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால், அதற்கென்று ஒரு பை_இன்க்ரெஃப் வேண்டும். அதே ஆப்ஜெக்ட்டையே விடையாகத் திருப்பித் தரும்போதும் வேண்டும். ஏனெனில் பைத்தானுக்குத் திரும்பும் விடை எப்போதும் சொந்த ரெஃபரன்ஸாகவே இருக்க வேண்டும். 3.10 பதிப்பிலிருந்து உள்ள பை_நியூரெஃப் இரண்டுக்கும் ஏற்றது. கூட்டுவதையும் பாயிண்டரைத் தருவதையும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

'எஸ்' குறியீட்டில் கிடைக்கும் எழுத்துச் சரத்தின் பாயிண்டருக்கும் இதே கவனம் தேவை. அது பைத்தான் ஸ்ட்ரிங்கின் உள்ளே இருக்கும் நினைவகத்தைக் காட்டுகிறது. அந்த ஸ்ட்ரிங் போனால் பாயிண்டரும் பயனற்றதாகும்.

கேள்வி: ஒரு லிஸ்ட்டின் முதல் உறுப்பை எடுத்து, அதற்குச் சமமான மற்ற உறுப்புகள் எத்தனை என்று எண்ணும் ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன். எண்களுக்கும் ஸ்ட்ரிங்குகளுக்கும் சரியாக வேலை செய்கிறது. பயனர் ஒருவர் தம்முடைய சொந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட்களைக் கொடுத்தபோது சில நேரங்களில் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவகத்தைத் தொட்டதால் புரோகிராம் விழுவது) வருகிறது. நடுவில் ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்தால் வேறு இடத்தில் விழுகிறது. நான் எந்த இடத்திலும் பை_டெக்ரெஃப் எழுதவே இல்லை. பிறகு எப்படி ஆப்ஜெக்ட் அழிய முடியும்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நீங்கள் குறைக்காவிட்டாலும், நீங்கள் அழைக்கும் ஏதோ ஒன்று குறைக்கலாம். இரவல் ரெஃபரன்ஸின் ஆபத்து முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பைலிஸ்ட்_கெட்ஐட்டம் தரும் பாயிண்டர், லிஸ்ட் அந்த உறுப்பைப் பிடித்திருக்கும்வரை மட்டுமே செல்லும். அதை வாங்கிய பிறகு நீங்கள் பைஆப்ஜெக்ட்_ரிச்கம்பேர்பூலை அழைக்கிறீர்கள். எண்ணையும் எண்ணையும் ஒப்பிட்டால் அது சி மொழிக்குள்ளேயே முடிந்துவிடும். சொந்தக் கிளாஸ் என்றால், அந்தக் கிளாஸில் சமத்தைச் சோதிக்க எழுதப்பட்ட மெத்தட் பைத்தானில் ஓடும். அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். அது அதே லிஸ்ட்டைக் காலி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் உறுப்பை லிஸ்ட் விட்டுவிடுகிறது. ஒப்பீடு நடந்துகொண்டிருக்கும்வரை அழைப்பின் உள்ளே அதை யாராவது பிடித்திருக்கலாம். அழைப்பு முடிந்ததும் அந்தப் பிடியும் விட, எண்ணிக்கை 0 ஆகி ஆப்ஜெக்ட் அழிகிறது. உங்கள் கையில் இருக்கும் பாயிண்டருக்கு இது எதுவும் தெரியாது. அடுத்த சுற்றில் அதையே மீண்டும் ஒப்பிட அனுப்புகிறீர்கள்.

இது கற்பனையான ஆபத்து அன்று. சீபைத்தானின் லிஸ்ட் மெத்தட்கள் சிலவற்றிலேயே, ஒப்பீட்டை அழைக்கும்போது உறுப்பைப் பிடித்துக்கொள்ளாத பிழை இருந்து, 3.9 வெளிவருவதற்கு முன்பு திருத்தப்பட்டது. பல ஆண்டுகள் பலர் படித்த நிரலிலேயே அது கண்ணில் படாமல் இருந்தது என்றால், புதிதாக எழுதும் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உடனே விழாமல் வேறெங்கோ விழுவதற்கும் விளக்கம் இருக்கிறது. சிறிய ஆப்ஜெக்ட்களின் நினைவகத்தைச் சீபைத்தான் வழக்கமாக இயக்க முறைமையிடம் உடனே திருப்பிக் கொடுப்பதில்லை. தன் காலிக் கட்டங்களின் வரிசையில் சேர்த்துக்கொள்கிறது. அந்த வரிசையில் அடுத்த காலிக் கட்டம் எது என்பதை, விடுவிக்கப்பட்ட கட்டத்தின் முதல் 8 பைட்டிலேயே எழுதி வைக்கிறது. ஸ்ட்ரிங் போன்ற எளிய ஆப்ஜெக்ட்களில் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை இருந்த இடம் சரியாக அதுதான். டைப்பைக் காட்டும் பாயிண்டர் அதற்கு அடுத்த 8 பைட்டில் இருப்பதால் அப்படியே எஞ்சிவிடுகிறது. ஆகவே அழிந்துபோன ஆப்ஜெக்ட், மிகப் பெரிய எண்ணிக்கையும் சரியான டைப்பும் கொண்ட உயிருள்ள ஆப்ஜெக்ட்டைப் போலவே தோன்றும். அந்தக் கட்டத்தில் வேறொன்று வந்து அமரும்வரை நிரலும் ஓடும். பிரிண்ட் வரியைச் சேர்த்ததும் கட்டங்கள் கைமாறும் வரிசை மாறுகிறது. விழும் இடமும் மாறுகிறது.

இரவலாக வாங்கிய பாயிண்டரை வைத்துக்கொண்டு பைத்தான் நிரலை ஓட்டக்கூடிய எதையும் அழைப்பதற்கு முன், அதைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்தி முடித்ததும் விடுவியுங்கள். 3.13 பதிப்பில் வந்த பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப், பைடிக்ட்_கெட்ஐட்டம்ரெஃப் ஆகியவை தொடக்கத்திலேயே சொந்த ரெஃபரன்ஸைத் தருகின்றன. பழைய பதிப்புகளை ஆதரிக்கத் தேவையில்லாதவர்கள் அவற்றையே பயன்படுத்துவது நல்லது. ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் நேரத்தை வீணாக்கும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். ஒப்பீட்டு அழைப்பு ஒன்றுக்கு ஆகும் நேரத்தின் பக்கத்தில் அது ஒரு பொருட்டே அல்ல.

'பைத்தான் நிரலை ஓட்டக்கூடியவை' என்ற பட்டியலில் பை_டெக்ரெஃப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஆப்ஜெக்ட் அழியும்போது அதன் டெல் மெத்தட் ஓடலாம். அது பிடித்திருந்த மற்ற ஆப்ஜெக்ட்கள் சங்கிலியாக அழியலாம். அவற்றின் வழியே உங்கள் ஸ்ட்ரக்டையே யாராவது திரும்பத் தொடலாம். ஸ்ட்ரக்டில் இருக்கும் பாயிண்டரை முதலில் பை_டெக்ரெஃப் செய்துவிட்டு அடுத்த வரியில் 'நல்' (எதையும் காட்டாத வெற்றுப் பாயிண்டர்) ஆக்கினால், இரண்டு வரிகளுக்கும் இடையே அழிந்த ஆப்ஜெக்ட்டைக் காட்டும் பாயிண்டர் ஸ்ட்ரக்டில் இருக்கும். பை_க்ளியர் மேக்ரோ பாயிண்டரை ஒரு தற்காலிக மாறிக்கு மாற்றி, ஸ்ட்ரக்டில் 'நல்' எழுதிய பிறகே குறைக்கிறது. ஸ்ட்ரக்டுகளின் உள்ளே பை_க்ளியர் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் ஃபங்ஷனில் ஐந்தாறு ஆப்ஜெக்ட்களை உருவாக்குகிறேன். ஒவ்வொன்றும் தோல்வியடையலாம் என்பதால், ஒவ்வொரு இடத்திலும் அதற்கு முன் உருவாக்கிய அனைத்தையும் விடுவித்துவிட்டு வெளியேற வேண்டியிருக்கிறது. நிரல் படிக்கவே முடியாதபடி ஆகிவிட்டது. கோட்டோ (நிரலின் வேறோர் இடத்துக்குத் தாவும் கட்டளை) கூடாது என்று வகுப்பில் கற்பித்தார்கள். வேறு வழி உண்டா?
— முதுநிலை மாணவர், மதுரை

பதில்: இந்த ஓர் இடத்தில் கோட்டோவே நேர்வழி, சீபைத்தானின் மூல நிரலிலும் இதை எங்கும் காணலாம். ஃபங்ஷனின் தலையில் எல்லாப் பாயிண்டர்களையும் 'நல்' என்று தொடங்கி வையுங்கள். தோல்வி எங்கே நேர்ந்தாலும் ஃபங்ஷனின் அடியில் உள்ள ஒரே இடத்துக்குத் தாவுங்கள். அங்கே ஒவ்வொரு பாயிண்டர் மீதும் பை_எக்ஸ்டெக்ரெஃப் எழுதுங்கள். அது 'நல்' பாயிண்டரைத் தொடாமல் விட்டுவிடும் என்பதால், எதுவரை உருவாகியிருந்தது என்று நீங்கள் கணக்கு வைக்க வேண்டியதில்லை.

இந்த அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு ரெஃபரன்ஸை பைடப்புள்_செட்ஐட்டம் போன்ற ஒன்றிடம் ஒப்படைத்த அடுத்த வரியிலேயே அந்த மாறியை 'நல்' ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வேறொன்று தோல்வியடைந்து அடிக்குத் தாவும்போது, உங்களுடையதாக இல்லாத ஒன்றை விடுவிப்பீர்கள். மாறியில் ஏதாவது இருந்தால் கடமையும் இருக்கிறது, 'நல்' என்றால் கடமை இல்லை என்ற நிலையை ஃபங்ஷன் முழுவதும் காத்தால், நிரலைப் படிப்பவர் ஒவ்வொரு வரியிலும் நின்று யோசிக்க வேண்டியிராது.

பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட் மட்டும் இதில் தனி வகை. வெற்றி பெற்றால் உங்கள் ரெஃபரன்ஸை எடுத்துக்கொள்ளும். தோற்றால் உங்களிடமே விட்டுவிடும். ஒரே ஃபங்ஷனில் இரண்டு விதமான பொறுப்பு என்பது மிக மோசமான ஏற்பாடு. அதை அழைக்கும் நீட்சிகள் பலவற்றில் தோல்விப் பாதை கசிந்துகொண்டுதான் இருக்கும். 3.10இல் வந்த பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட்ரெஃப் எப்போதும் எடுத்துக்கொள்ளாது, 3.13இல் வந்த பைமாட்யூல்_ஆட் எப்போதும் எடுத்துக்கொள்ளும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு பழையதை மறந்துவிடுங்கள்.

கேள்வி: 3.12 முதல் 'நன்' ('மதிப்பு ஏதுமில்லை' என்பதைக் குறிக்கும் பைத்தான் ஆப்ஜெக்ட்) அழியாத ஆப்ஜெக்ட் ஆகிவிட்டது என்கிறார்கள். அப்படியானால் 'நன்' திருப்பித் தரும்போது பை_இன்க்ரெஃப் தேவையில்லையா?
— மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

பதில்: 3.12இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் மட்டுமே ஓடும் நீட்சி என்றால், 'நன்', 'ட்ரூ', 'ஃபால்ஸ்' ஆகியவற்றுக்குத் தேவையில்லை. எடி எலிசாண்டோவும் எரிக் ஸ்னோவும் எழுதிய பெப் 683 (பெப் என்பது பைத்தானில் மாற்றம் கோரும் முன்மொழிவு) இதைக் கொண்டுவந்தது. அந்தப் பதிப்பில் 64 பிட் கணினியில் 'நன்' உடைய எண்ணிக்கையைக் கேட்டால் 4294967295 என்று வரும். அது உண்மையான எண்ணிக்கை அன்று, 'என்னைத் தொடாதே' என்பதற்கான அடையாளம். ஃபோர்க் செய்த (ஒன்றின் நகலாகப் பிரிந்த) பல புராசஸ்கள் ஒரே நினைவகப் பக்கத்தைப் பகிர்ந்திருக்கும்போது, 'நன்' உடைய எண்ணிக்கை மாறுவதால் மட்டுமே அந்தப் பக்கம் ஒவ்வொரு புராசஸுக்கும் தனித்தனியாக நகலெடுக்கப்படுவது இதனால் நிற்கிறது.

ஆனாலும் பை_ரிட்டர்ன்_நன் மேக்ரோவை எழுதுங்கள். எந்தப் பதிப்பில் என்ன தேவையோ அதை அது பார்த்துக்கொள்ளும். அதே நிரல் 3.11இல் கூட்டாமல் ஓடினால், ஒவ்வொரு அழைப்பிலும் 'நன்' ஒன்று குறைந்து, ஆயிரக்கணக்கான அழைப்புகளுக்குப் பிறகு 'நன்' அழிக்கப்படுகிறது என்ற கொடும்பிழைச் செய்தியோடு இன்டர்பிரட்டரே நின்றுவிடும்.

கேள்வி: நான் எழுதிய டைப் ஒரு கால்பேக்கை (பின்னர் அழைப்பதற்காகக் கொடுக்கப்படும் ஃபங்ஷனை) தன்னுள் வைத்திருக்கிறது. வாங்கும்போது கூட்டுகிறேன், ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டீஅலாக் ஃபங்ஷனில் குறைக்கிறேன். ஆனால் சில ஆப்ஜெக்ட்களுக்கு டீஅலாக் அழைக்கப்படுவதே இல்லை. ஏன்?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: கால்பேக் ஒரு மெத்தட்டாக இருந்து, அந்த மெத்தட்டின் ஆப்ஜெக்ட் உங்கள் ஆப்ஜெக்ட்டையே பிடித்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்த வளையம் உருவாகிறது. வெளியில் இருப்போர் அனைவரும் விட்டுவிட்டாலும் இரண்டின் எண்ணிக்கையும் 0 ஆகாது. ரெஃபரன்ஸ் எண்ணிக்கை முறையால் மட்டும் தீர்க்க முடியாத குறை இது. இதற்காக நீல் ஷெமனோவர் எழுதிய வளையம் தேடும் குப்பை சேகரிப்பான் 2000ஆம் ஆண்டில் பைத்தான் 2.0இல் சேர்ந்தது.

சேகரிப்பான் உங்கள் டைப்பைக் கவனிக்க வேண்டுமானால், அதற்குரிய கொடியை டைப்பில் வைத்து, ட்ராவர்ஸ், க்ளியர் என்ற இரண்டு ஃபங்ஷன்களைத் தர வேண்டும். ட்ராவர்ஸ் எழுதும்போது பலர் ஸ்ட்ரக்டில் உள்ள எல்லாப் பாயிண்டர்களையும் பை_விசிட் மூலம் சேகரிப்பானுக்குக் காட்டிவிடுகிறார்கள். அது தவறு. சேகரிப்பான் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் எண்ணிக்கையையும் நகலெடுத்துக்கொண்டு, ட்ராவர்ஸ் காட்டும் ஒவ்வொரு பிடிக்கும் நகலில் ஒன்றைக் கழிக்கிறது. கழித்த பிறகும் மிச்சம் இருந்தால் வெளியில் யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று அறிகிறது. நீங்கள் கூட்டாமல் இரவலாக வைத்திருக்கும் பாயிண்டரையும் காட்டினால், கூட்டாத ஒன்று கழிக்கப்படும். வெளியில் உண்மையாகவே பயன்பாட்டில் இருக்கும் ஆப்ஜெக்ட் குப்பை என்று முடிவாகலாம். மாறாக, சொந்தமான ஒன்றைக் காட்டாமல் விட்டால் வளையம் என்றைக்கும் கண்ணில் படாது. எனவே விடுவிக்கும் கடமை உங்களுக்கு இருக்கும் பாயிண்டர்களை மட்டும், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை காட்டுங்கள்.

இயங்கும்போது உருவாக்கும் டைப்களில் ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டும் தன் டைப்பையும் பிடித்திருக்கிறது, 3.9 முதல் அதையும் ட்ராவர்ஸில் காட்ட வேண்டும், டீஅலாக்கில் விடுவிக்க வேண்டும். டீஅலாக்கின் முதல் வரியில் பைஆப்ஜெக்ட்_ஜிசி_அன்ட்ராக் இருக்கட்டும். பாதி அழிந்த ஆப்ஜெக்ட்டைச் சேகரிப்பான் சுற்றிப் பார்க்க வரக்கூடாது.

கேள்வி: இத்தகைய பிழைகளை வெளியிடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கக் கருவிகள் உண்டா?
— சோதனைப் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு. முதலில், சீபைத்தானின் மூல நிரலைப் பெற்று, பைடீபக் தேர்வுடன் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பதிப்பில் சிஸ் மாட்யூலில் கெட்டோட்டல்ரெஃப்கவுண்ட் என்ற ஃபங்ஷன் இருக்கும். மொத்த ரெஃபரன்ஸ்கள் எத்தனை என்று அது சொல்லும். உங்கள் ஃபங்ஷனைச் சில முறை ஓட்டிவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு, 1000 முறை அழைத்து, மீண்டும் எண்ணைப் பாருங்கள். ஏற்றம் ஏறத்தாழ 1000 என்றால் ஒவ்வோர் அழைப்பிலும் ஒன்று கசிகிறது. 2000 என்றால் இரண்டு. முதல் கேள்வியை எழுதிய வாசகர் இந்தச் சோதனையை 256க்கு மேற்பட்ட எண்களோடு நடத்த வேண்டும், 3.12 முதல் சிறிய முழு எண்களும் அழியாதவை என்பதால் அவை இந்தக் கணக்கில் வாரா.

தோல்விப் பாதைகளை யாரும் சோதிப்பதில்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம். சீபைத்தானின் சோதனைகளுக்காக உள்ள டெஸ்ட்கேபிஐ மாட்யூலில் செட்_நோமெமரி என்ற ஃபங்ஷன் இருக்கிறது. எத்தனையாவது நினைவக ஒதுக்கீட்டிலிருந்து தோல்வி தொடங்க வேண்டும் என்று அதனிடம் சொல்லலாம். அந்த எண்ணை மிகச் சிறியதில் தொடங்கி ஒவ்வொன்றாக உயர்த்தி உங்கள் ஃபங்ஷனை அழைத்தால், நினைவகம் கிடைக்காததால் வரும் தோல்விப் பாதைகள் ஓடும். மேலே சொன்ன எண்ணிக்கைச் சோதனையோடு இதைச் சேர்த்து நடத்திப் பாருங்கள்.

அழிந்த ஆப்ஜெக்ட்டைத் தொடும் பிழைக்கு, பைத்தான்மாலாக் என்ற சூழல் மாறியை 'டீபக்' என்று வைத்து ஓட்டுங்கள். விடுவிக்கப்பட்ட நினைவகம் முழுவதும் பதினறும எண்முறையில் 'டிடி' என்ற பைட்டால் நிரப்பப்படும்; டீபக்கரில் ஒரு பாயிண்டர் டிடிடிடி என்று தொடர்ந்தால், அழிந்த ஒன்றைப் படித்திருக்கிறீர்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டுவதாக இருந்தால் அதே மாறியை 'மாலாக்' என்று வையுங்கள். அப்போதுதான் ஒவ்வோர் ஒதுக்கீடும் அதன் கண்ணில் படும்.

கேள்வி: ஜில் பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் நிரலை ஓட்டவிடும் பூட்டு) இல்லாத பைத்தானில் பை_இன்க்ரெஃப் பாதுகாப்பானதா?
— வாசகர், சென்னை

பதில்: மேக்ரோ பாதுகாப்பானதே. சாம் கிராஸ் முன்வைத்த பெப் 703இன்படி, ஆப்ஜெக்ட்டை உருவாக்கிய த்ரெட்டுக்குத் தனி எண்ணிக்கையும் மற்ற த்ரெட்கள் அனைத்துக்கும் பொது எண்ணிக்கையும் இருக்கின்றன. பூட்டு இல்லாத இந்தப் பைத்தான் 3.13இல் சோதனை நிலையில் வந்தது, 3.14இல் முறையான ஆதரவைப் பெற்றது. எண்ணிக்கை வைக்கப்பட்ட இடத்தை நேரடியாகப் படிக்கும் நிரல்கள்தான் அங்கே தவறாகும்.

இரவல் ரெஃபரன்ஸோ அங்கே இன்னும் ஆபத்தானது. பழைய பைத்தானில், இரவலாக வாங்கிய வரிக்கும் கூட்டும் வரிக்கும் இடையே நீங்கள் எதையும் அழைக்காவிட்டால் வேறு த்ரெட் குறுக்கிட முடியாது. பூட்டு இல்லாதபோது அந்த இரண்டு வரிகளுக்கு இடையிலேயே இன்னொரு த்ரெட் லிஸ்ட்டை மாற்றிவிடலாம். மற்ற த்ரெட்களின் கைக்கு எட்டும் லிஸ்ட்டுக்கும் டிக்ஷனரிக்கும் ரெஃப் என்று முடியும் புதிய ஃபங்ஷன்கள் அங்கே கட்டாயம்.

கேள்வி: நீட்சி எழுத உதவும் சைதானையோ பைபைண்ட்11ஐயோ பயன்படுத்தினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்கிறார் நண்பர். சரிதானா?
— கல்லூரி ஆசிரியர், திருச்சி

பதில்: பெரும்பகுதி சரி. புதிதாகத் தொடங்குவோருக்கு நானும் அவற்றையே பரிந்துரைப்பேன். சைதானில் பைத்தான் ஆப்ஜெக்ட் என்று அறிவித்த மாறிகளுக்குக் கூட்டலையும் குறைத்தலையும் தோல்விப் பாதைகள் உட்பட அதுவே எழுதித் தருகிறது. வெறும் சி பாயிண்டராக அறிவித்தால் அது எண்ணாது.

பைபைண்ட்11இல், சி ஃபங்ஷன் தந்த பாயிண்டரை அதன் ஆப்ஜெக்ட்டாகச் சுற்றும் இடத்தில் ரீஇன்டர்பிரட்_பாரோ, ரீஇன்டர்பிரட்_ஸ்டீல் என்று இரண்டு வாசல்கள் உள்ளன. எதில் நுழைய வேண்டும் என்று முடிவு செய்ய, அந்தச் சி ஃபங்ஷன் இரவல் தருகிறதா சொந்தம் தருகிறதா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பைலிஸ்ட்_கெட்ஐட்டம் தந்ததை ஸ்டீல் வழியே சுற்றினால், கூட்டாத ஒன்று பின்னால் குறையும். பைலாங்_ஃப்ரம்லாங் தந்ததைப் பாரோ வழியே சுற்றினால், சென்னை வாசகரின் சர்வரில் நடந்ததே இங்கேயும் நடக்கும்.